துணிக் கணக்கு

யாரும் எழுதச் சொல்லவில்லை.
விரிப்பு தொலைந்தால் சம்பளத்தில் வெட்டுவார்கள்,
அந்தப் பயத்தில்
எண்பது பக்கக் கொப்பி ஒன்றில்
நானே அடிமட்டம் வைத்துக் கோடு கீறினேன்.
திகதி. போனது. வந்தது. கறை.

பாசிக்குடாவில் லீவு என்றால்
மற்றவர்களுடைய லீவு.
கொழும்பில் கந்தோர் பூட்டும் நாளில்
இங்கே நாற்பத்தாறு அறையும் திறக்கும்.
கலண்டரில் சிவந்திருக்கும் நாட்கள்தான்
என் கொப்பியில் நெருக்கமாக எழுதிய பக்கங்கள்.

போயாவன்று பார் பூட்டு.
மறுநாள் விரிப்புகளில் வைன் கறை குறைவு.
அதை வைத்துத்தான் எனக்குப் பௌர்ணமி தெரியும்.
துணி காயும் அறைக்கு ஜன்னல் கிடையாது.

பொங்கலன்று நாலரைக்கு
கிரான் சந்தியில் வேனுக்கு நின்றேன்.
"நீங்க வரும்வரைக்கும் பானைய ஏத்தாம வெச்சிருக்கவாம்மா?"
என்று மகள் கேட்டிருந்தாள்.
நான் வர இரவு எட்டாகும்.
சூரியனிடம் யார் போய்ச் சொல்வது?
"நீயே ஏத்து புள்ள" என்றேன்.

ஹோட்டல் முற்றத்திலும் அன்றைக்கு ஒரு பொங்கல்.
மூன்று கல், கரும்பு, பட்டுச்சேலையில் ரிசெப்ஷன் பிள்ளை.
பால் பொங்கியதும் விருந்தினர் கைதட்டினார்கள்.
மெஷின் ஒன்று ஓய்ந்து
மற்றது சுழலத் தொடங்கும் இடைவெளியில்
எங்களுக்கும் அது கேட்டது.
பானை துடைத்த துணி பத்தரைக்கு வந்தது.
எழுதினேன்: மஞ்சள் கறை, ஒன்று.

மாதக் கடைசியில் சம்பளச் சிட்டை.
பொங்கலும் மற்ற நாட்களைப் போல ஒரு நாள்.
கூட ஒரு சதம் இல்லை, பதில் லீவும் இல்லை.
மனேஜர் ரெஜினோல்ட் சொன்னார்:
"விரல் மெஷின் அண்டைக்குப் பழுது.
நீங்க வந்ததுக்குப் பதிவே இல்லையே."

"மீலாதுக்கும் அதுக்குச் சுகமில்லாமத்தான் இருந்திச்சு கா"
என்றாள் ஓட்டமாவடிப் பரீனா.
"வெசாக்குக்கும்" என்றாள்
வெலிக்கந்தைக் குமாரி, விரிப்பை உதறியபடி.
எந்தச் சமயத்துக்கும் பாரபட்சம் காட்டாத மெஷின்.
சிரித்தோம்.
சிரித்து முடித்த பிறகு
ஒருவரும் மடிக்கத் தொடங்கவில்லை.

கிழமையில் எனக்கு ஓய்வு ஒரு நாள்.
அந்த நாளையும் செலவழித்துத்தான்
ஓய்வு நாள் பற்றிக் கேட்க
மட்டக்களப்புத் தொழில் கந்தோருக்குப் போனேன்.
பரீனாவும் நாளை மாற்றிக்கொண்டு கூட வந்தாள்.
வாங்கில் இரண்டு மணித்தியாலம்.
மேசைக்கு அந்தப் பக்கம் இருந்த அம்மா கேட்டார்:
"வேலை செஞ்சதுக்கு ஏதாவது அத்தாட்சி?"

பையில் சோற்றுப் பார்சலுக்குக் கீழே இருந்தது கொப்பி.
விளிம்பில் நீலச் சவர்க்காரம் ஊறியிருந்தது.
அவர் விரல் கோடு கோடாக இறங்கியது.
ஜனவரி பதினைந்து.
விரிப்பு இருநூற்றுப் பன்னிரண்டு.
துவாய் முந்நூற்று நாலு.
மஞ்சள் கறை, ஒன்று.

போனை எடுத்தார்.
"அப்ப, இருநூத்திப் பன்னிரண்டு விரிப்பும்
தானாத் தோய்ஞ்சு, தானா மடிஞ்சு,
தானா அலுமாரிக்குள்ள ஏறினதா, ஐயா?"

பொங்கலுக்கு ரெட்டைச் சம்பளம் வந்துவிட்டது.
போயாவுக்கு ஒன்றரை என்பதே
எனக்கு அன்றைக்குத்தான் தெரியும்.
பழைய போயாக்கள் இன்னும் கடிதத்தில் இருக்கின்றன.
பரீனா கேட்ட ஹஜ்ஜுப் பெருநாள்
கம்பனி வேலைக்காரருக்கான பட்டியலிலேயே இல்லையாம்.
வரும்போது பஸ்ஸில்
ஜன்னல் பக்கம் அவள் இருந்தாள்.
ஏறாவூர் தாண்டும்வரை ஒன்றும் பேசவில்லை.
பிறகு,
"அண்டைக்கு எத்தின துவாய் தோச்சன்
எண்டு ஒருக்காப் பாரு கா" என்றாள்.
பார்த்துச் சொன்னேன்.
இருநூற்று எழுபது.

கொப்பி இப்போது கந்தோரில், ஒரு கோவைக்குள்.
புதுக்கொப்பியில் ஒரு கோடு கூடக் கீறியிருக்கிறேன்.
திகதி. போனது. வந்தது. கறை. ஆட்கள்.

இன்றைக்கு:
குமாரி, பரீனா, நான்.
வைன் கறை இல்லை.