ஏனையவை

பாடவிதானக் குழு தந்த படிவத்தில் பதினொரு கேள்வி.
கடைசிக்குக் கீழே ‘ஏனையவை’ என்று
ஒரு விரல் அகலம் இடம்.

குருநகர் இறங்குதுறைக்குப் பின்னால்
தகரக் கொட்டிலுக்குள்
அவுட்போட் எஞ்சினைத் திறந்து வைத்திருந்தாள் எமில்டா.
‘கேளுங்கோ சேர். கைதான் வேலை, காது சும்மா கிடக்கு.’

பயிலுநரிடம் தொழில்தருநர் எதிர்பார்க்கும்
திறன்கள் எவை?

‘உங்கட பெடியன் ஒருத்தன் வந்தவன்.
எல்லாத்துக்கும் ஏ.
நட்டு துருவேறிக் கழறாமல் நிக்க
அவனும் நிண்டான்,
படத்தில இப்பிடி இல்லையே எண்டு.’

‘செயன்முறை அனுபவம்’ என்று எழுதினேன்.
எட்டிப் பார்த்தாள்.
‘நான் அதையோ சொன்னனான்?’

வெட்டினேன்.

‘அவனில பிழையில்லை.
உங்கட வகுப்பு எஞ்சின் கடலைக் கண்டதோ?’

இல்லை.
பாதியாய் அறுத்து, சிவப்பும் நீலமும் பூசிய எஞ்சின்.
பதினாலு வருடமாகத் திங்கட்கிழமைகளில்
துணியால் துடைக்கிறேன்.

மூலையில் பெற்றோலில் காபரேற்றர் கழுவிக்கொண்டிருந்தவன்
நிமிரவில்லை.
எனக்குத் தெரிந்த பிடரி.
யூட்ராஜ். மூன்றாம் மாதம் நின்றவன்.
இடாப்பில் நான் எழுதியது: இடைவிலகல், சொந்தக் காரணம்.

என்ன காரணம் என்று
இப்போதுதான் கேட்டேன்.

‘விடிய நாலுக்குப் போட்டுகள் வரும் சேர்.
பழுதெல்லாம் அப்பதான்.
வகுப்பு எட்டரைக்கு.
மேசையில படுத்திட்டன்.
நீங்கள் எழுப்பினீங்கள்,
ரெண்டு தரம்.
ஏனெண்டு கேக்கேல்லை.’

படிவத்தில் அதற்குக் கேள்வி இல்லை.
அந்த விரலகல இடத்தில் தொடங்கி
ஓரத்தால் ஏறிப் பின்பக்கம் போனேன்.
பேனை முடிந்தது.
எமில்டா காதிடுக்கில் இருந்த பென்சிலை நீட்டினாள்.

வெள்ளிக்கிழமைக் கூட்டத்தில்
கிறீஸ் விரலடையாளத்தோடு தாளை வைத்தேன்.
அட்டவணையாகத் தர முடியுமா என்றார்கள்.
மாலை வகுப்பென்றால்
படலையை ஆர் பூட்டுவது என்றார் ஒருவர்.
நல்ல கேள்வி. அதையும் எழுதிக்கொண்டேன்.

இன்றைக்கு வகுப்பு எஞ்சின்
இறங்குதுறைத் தூணில் கயிறு கட்டித் தொங்குகிறது,
உப்புத் தண்ணீருக்குள்.
களஞ்சியப் பொறுப்பாளர் விளக்கக் கடிதம் கேட்கிறார்.
எழுதலாம்.
இருபது நாளாவது ஊற வேணுமாம்,
யூட்ராஜ் சொல்கிறான்.