பதினோரு நிமிடம்

அருவங்காடு மைதானத்தில் ஹாக்கிப் பந்தும் வெள்ளை,
மூடுபனியும் வெள்ளை.
முப்பத்தோரு வருடமாக
இந்த இரண்டுக்கும் நடுவில்தான் என் பிழைப்பு.

ஈரம் குடித்த மைக்,
ஒரு பக்கம் நசுங்கிய கூம்பு ஸ்பீக்கர்,
பிளாஸ்கில் மிளகு தட்டிப்போட்ட பிளாக் டீ.
ஆட்டத்துக்கு நானூறு. இறுதிப்போட்டி என்றால்
சால்வையும் உண்டு. வீட்டில் பதினேழு சால்வை,
எங்கள் நாய்க்குக் குளிர்வதில்லை.

அதற்கு முன்னால் குன்னூர் பஸ் ஸ்டாண்டில் கூவினேன்:
மேட்டுப்பாளையம் மேட்டுப்பாளையம்
சீட் இருக்கு சீட் இருக்கு.
சீட் இருக்காது.
அதைக் கேட்டுத்தான் கிளப் செயலாளர் பெள்ளிராஜ் கூப்பிட்டார்:
"இல்லாததை இருக்குன்னு சொல்ல
உன்னை விட்டா ஆள் இல்லை, வா."

வானொலிக் குரல் தேர்வுக்கு மூன்று தடவை போனேன்.
ழகரம் சுத்தம், மூச்சுதான் வேகம் என்றார்கள்.
மூச்சை மெதுவாக விட்டால்
பந்து நின்று காத்திருக்குமா?

பனிக்குள் காதால்தான் பார்ப்பேன்.
மட்டையில் பட்டால் டொக்.
முழங்காலில் பட்டால் ஒரு கெட்டவார்த்தை.
ஹாலனுக்கு இளைப்பு,
நஞ்சனுக்குச் சேற்றில் சப்பென்று ஒட்டும் இடது ஷூ.
மீதியை நான் போட்டுக்கொள்வேன்.

அந்த ஜூலை, அரையிறுதி, கேத்திக்கும் வெலிங்டனுக்கும்.
இடைவேளை முடிந்ததும் மேட்டிலிருந்து இறங்கிய பனி
கோல்கம்பத்தை விழுங்கியது,
நடுக்கோட்டை,
நடுவரின் சட்டையை,
கடைசியில் மைக் பிடித்த என் கையை.

நான் விடவில்லை.
சப். நஞ்சன் எடுக்கிறார்.
புஸ்ஸென்று ஹாலன், பக்கத்திலேயே ஹாலன்,
திரும்ப நஞ்சன், வட்டத்துக்குள் நுழைகிறார், அடிக்கிறார்,
மரியசூசை பாய்ந்து தடுத்துவிட்டார்!
சரிவில் குடைகளுக்கடியில் கைதட்டல்.
மறுபடி நஞ்சன். மறுபடி மரியசூசை,
இந்தத் தடவை தலைகீழாக!
தொழிற்சாலைச் சங்கு ஊதியது,
அதையும் ஆட்டத்தில் சேர்த்துக்கொண்டேன்.

பதினோரு நிமிடம் கழித்துக் காற்று வீசியது.
மைதானத்தில் ஒருவருமில்லை.
மரியசூசை நிற்க வேண்டிய இடத்தில்
ஒரு காட்டுமாடு, புஸ்ஸென்று மூச்சு விட்டு
வலையை முகர்ந்துகொண்டிருந்தது.
காலை எடுத்து வைத்தது.
சப்.

மாடு மிரளக்கூடாதென்று விசில்கூட ஊதாமல்
நடுவர் இருபத்திரண்டு பேரையும்
கைப்பிடித்துக் கூட்டிப் போயிருந்தார்.
எனக்குச் சொல்லத்தான் மறந்துபோனார்கள்.

சரிவு முழுக்கச் சிரித்தது, நானும் சிரித்தேன்.
மாடு தோட்டத்துக்குள் இறங்கியபின் ஆட்டம் தொடர்ந்தது.
மரியசூசை ஆறு கோல் விட்டான்.
ஆறையும் சொன்னேன், எல்லாம் கண்ணால் பார்த்தவை.

இருட்டியபின் பேக்கரியில் எதிரே வந்து உட்கார்ந்தான்.
முழங்கையில் சேறு காயவில்லை.
கொஞ்ச நேரம் மேசையைத் துடைத்தான்.
"அந்த ரெண்டாவது, தலைகீழா...
எப்படிங்கண்ணா தடுத்தேன்?"

சொன்னேன்.
"இடது கையா?"
"இடதுதான்."

அந்தக் கையைத் திருப்பிப் பார்த்தான்.
தட்டிலிருந்த வர்க்கியை
அதிலேயே எடுத்தான்.