மூன்றாம் நம்பர் மெஷின்

படம் தொடங்குமுன் இயக்குநர் மன்னிப்புக் கேட்டார்.
ஐம்பது வருடத்துப் பிலிம்,
கீறல் இருந்தது, துடைத்துவிட்டோம்,
ஓரிடத்தில் மட்டும் இன்னும் தெரியும்,
காலத்தின் கீறல் என்று எடுத்துக்கொள்ளுங்கள்.
கைதட்டினார்கள்.

ஊட்டியில் பாதிப் பேர் வந்திருந்தார்கள்.
மஃப்ளர், குல்லா, இருமல்.
சுவரொட்டியில் நான்கு பையன்கள்: பிளாக் வாட்டில்ஸ்.
வாட்டில் என்றால் சீகை,
யாரையும் கேட்காமல் மலையைப் பிடித்துக்கொண்ட மரம்,
வெட்ட வெட்டத் துளிர்க்கும்.
குன்னூர்க்காரர்கள். பம்பாய் வரை போய்ப் பேர் வாங்கினார்கள்.
மூன்றாவது இசைத்தட்டு வருவதற்குள்
பர்லியாறுக்கு மேலே ஒரு லாரி, ஒரு வளைவு.

எனக்கு அவர்களைத் தெரியாது.
அந்தச் சத்தம் அன்றும் பிடிக்காது, இன்றும்தான்.
நான் வந்தது பிலிமைப் பார்க்க.

ஃபேக்டரியில் இருபத்தாறு வருடம், இருட்டறை.
பகல் ஷிஃப்ட்தான், ஆனால் உள்ளே பகல் கிடையாது.
ஒருவர்மேல் ஒருவர் மோதாமலிருக்க
"வர்றேன், வர்றேன்" என்று சொல்லிக்கொண்டே
சுவரைத் தடவி நடப்போம்.
தலையில் தடவிய எண்ணெயை வைத்து
வருவது யாரென்று தெரியும்.
ஓடும் பிலிமின் விளிம்பை விரல்தான் பார்க்கும்.

துளையிடும் மூன்றாம் நம்பர் மெஷினில்
ஒரு பல் தேய்ந்திருந்தது.
சொன்னேன். எழுதியும் கொடுத்தேன்.
பாகம் ஜெர்மனியிலிருந்து வரவேண்டும் என்றார்கள்.
அது வரும்வரைக்கும்
சுருள் சுருளாக ஒரே கோடு,
பன்னிரண்டு கட்டத்துக்கு ஒருமுறை
லேசாக நடுங்கும்.

எண்பது சுருள் கழிவு.
வெள்ளியைப் பிரித்துவிட்டு எரிக்கவேண்டும்.
எண்பதும் அழிக்கப்பட்டன என்று கையெழுத்துப் போட்டவள்
பெ. மாதி, இருட்டறை இரண்டு.
எண்ணியபோது எழுபத்தெட்டுதான் இருந்தது.
அன்று சாயங்காலம் கேட்டில்
ஸ்டோர் ரொசாரியோவின் டிபன் கேரியர்
காலி கேரியர் ஆடுவதுபோல் ஆடவில்லை.
பார்த்தேன்.
நான் பார்த்ததை அவனும் பார்த்தான்.
அவன் தம்பி கிளைவ் பாட்டுக்காரன் என்பது
எனக்கு இந்தச் சுவரொட்டி சொல்லித்தான் தெரியும்.

திரையில் கிளைவ்.
ஏதோ ஒரு கிளப் ஹால், காகிதத் தோரணம்.
ஒலிநாடா கிடைக்கவில்லையாம், வாய் மட்டும் அசைகிறது.
முன்வரிசையில் ஒருத்தி ஸ்வெட்டரைக் கழற்றிச் சுழற்றி எறிய
அது போய் ஆம்ப்ளிஃபயர்மேல் விழுகிறது.
கிடார்க்காரன் வாசித்துக்கொண்டே
காலால் அதைத் தள்ளிவிடுகிறான்.
எல்லாரும் சிரித்தார்கள்.
எனக்குப் பின்னால் ஒரு குரல்,
"அது நான்தான்டி" என்றது.
யாரும் திரும்பாததால்
இன்னொரு தடவையும் சொன்னது.

முக்கால் மணி நேரம் காத்திருந்தேன்.
முகங்கள் வந்தன, போயின,
பவுடர் போட்ட மாதிரி சுத்தமாக.
என்னுடையது எதுவும் இல்லை.

பிறகு டிரம்ஸில் தேவசகாயம்.
கை மேலே போகிறது.
குச்சிக்குப் பக்கத்தில் இன்னொரு குச்சி.

கோட்டை எடுத்தால் குச்சியும் போய்விடும்,
அதனால் விட்டிருக்கிறார்கள்.
நாற்பது நொடி.
சத்தமே இல்லாத அந்த ஹாலில்
நொடிக்கு இரண்டு தடவை அது நடுங்கியது.
என் கால் பிடித்துக்கொண்டது.
தேவசகாயம் கொஞ்சம் வேகம்,
முந்துகிறான், முந்துகிறான்,
ஓரிடத்தில், ஒரே ஒரு அடி,
அவனும் மெஷினும் சேர்ந்து விழுந்தார்கள்.
"ம்!" என்றேன்.
முன்சீட்டுக்காரர் திரும்பி முறைத்தார்.

கேள்வி நேரத்தில் ஒருவர் எழுந்து,
பிலிமுக்கு அவ்வளவு தட்டுப்பாடான காலத்தில்
இந்தப் பையன்களுக்கு எப்படிக் கிடைத்தது என்றார்.
தெரியவில்லை,
வெளிநாட்டு ரசிகர் யாராவது கொடுத்திருப்பார் என்றார் இயக்குநர்.
மைக் என் வரிசைக்கு வந்தது.
கையில் வாங்கினேன். நல்ல கனம்.
எங்கள் செட்டில்மென்ட் கேஸ்
இன்னும் கோர்ட்டில் இருக்கிறது.
பக்கத்து ஆளிடம் கொடுத்துவிட்டேன்.

வெளியே சேரிங் கிராஸைக் காணவில்லை, அவ்வளவு பனி.
எம். பாலாடா பஸ்ஸுக்குள் விளக்கு எரியவில்லை.
படியேறிக் கம்பியைத் தடவினேன்.
"வர்றேன், வர்றேன்."
இருட்டில் யாரோ நகர்ந்து உட்கார்ந்தார்கள்.