பச்சை மை

ஜனவரி. வெளியே நாற்பத்தொரு பாகை.
வென்ட்வொர்த்வில் நூலகத்துக்குப் பிள்ளைகள் வருவது
ஏசிக்காகத்தான் என்று எனக்கும் தெரியும்,
அவர்களுக்கும் தெரியும்.
"பதினான்கு முதல் பதினெட்டு வயதுக்கு
பத்து நாவல்கள், வெள்ளிக்கிழமைக்குள்"
என்றார் மேலாளர் கிளெனிஸ்.

அட்டை வெட்டினேன். அட்டைக்கு ஒரு வரி எழுதினேன்.
துணிவையும் நட்பையும் பேசும் நெகிழ்ச்சியான படைப்பு.
தன்னைத் தேடும் ஒரு பெண்ணின் பயணம்.
பத்தில் ஏழை வாசித்திருந்தேன்.
மீதி மூன்றுக்குப் பின்னட்டை போதுமென்று பட்டது.

மூன்றாம் நாள், பயணத்துக்குக் கீழே
பச்சை மையில், இடப்பக்கம் சாய்ந்த எழுத்தில் யாரோ.
ஆங்கிலம்தான், இங்கே என் தமிழில்:
"பயணமெல்லாம் இல்லை. ஒரு முறை பஸ் ஏறுகிறாள்.
அந்த பஸ்ஸுக்காக வாசிக்கலாம்."

அட்டையை மாற்றியிருக்க வேண்டும், விதி அப்படி.
நான் புத்தகத்தோடு தேநீர் அறைக்குப் போனேன்.
இருநூற்றுப் பதினோராம் பக்கத்தில் வந்தது பஸ்.
அழுகிறவளை ஓட்டுநர் ஒன்றும் கேட்பதில்லை.
கடைசி நிறுத்தத்தில் இறக்கிவிடாமல்
இன்னொரு சுற்று ஓட்டுகிறார், விளக்கை மங்கலாக்கி.
இதை நான் முன்பே வாசித்திருந்தேன்.
எப்படி மறந்தேன்?

அதன்பிறகு தினமும் காலையில்
பெட்டி திறக்கும் முன் அந்தத் தட்டைப் பார்த்தேன்.

தலையணை கனத்தில் ஓநாய்க் கதை:
"முதல் நூறு பக்கத்துக்கு ஓநாய் வராது. பொறு."
பரிசு வாங்கியது: "பெரியவர்களுக்குப் பிடிக்கும்."
போர்க் கதை: "அப்பா இல்லாதவர்கள்
பதினெட்டாம் அத்தியாயத்தைத் தாண்டிப் போங்கள்.
நான் தாண்டவில்லை."

கடைசி அட்டையில் ஒன்றே ஒன்று:
"இதை எழுதியவர் புத்தகத்தைத் திறக்கவே இல்லை."

காது சுட்டது.
அன்று மாலை ரயிலில் திறந்தேன்.
டூங்காபியில் இறங்க வேண்டியவள்
பிளாக்டவுனில் தலை நிமிர்ந்தேன்.

யாராக இருக்கும்?
ஸ்கேட்போர்டை நாற்காலிக்கடியில் ஒளிக்கும் கஜிந்தனா,
ஒரே ஹெட்போனைப் பகிரும் சமோவா அக்கா தங்கையா,
நெட்பால் பாவாடையோடு கணக்கு போடுகிற
அந்த வாய் திறக்காத பெண்ணா?
எல்லார் கையையும் பார்த்தேன்.
எல்லார் கையிலும் போன்.

பிறகு நான் செய்ததுதான் பிழை.

வெற்று அட்டைகள் இருபது வைத்தேன்.
பச்சைப் பேனா ஒன்றை நூல் கட்டித் தொங்கவிட்டேன்.
"உங்கள் பரிந்துரை!" என்று மேலே பெரிதாக,
ஆச்சரியக்குறியோடு.

பச்சை நின்றுவிட்டது.
வந்ததெல்லாம் மீசை வைத்த பூனை,
ரக்பி கோல் கணக்கு, ஒரு தொலைபேசி எண்,
"ஃபெலிக்ஸ் ஒரு உருளைக்கிழங்கு".
இரண்டாம் வாரம் நூல் மட்டும் தொங்கியது.
இளையோர் பங்கேற்பு சிறப்பு என்று
கிளெனிஸ் அறிக்கையில் எழுதினார்.

வைத்த கதவில் நுழையாதவர்கள் இருக்கிறார்கள்.
பதினைந்து வயதில் நானும்
தந்ததை வாசித்ததில்லை.
ஒளித்து வைத்ததைத்தான் வாசித்தேன்.

ஏப்ரலில் குளிர் வந்தது. கூட்டம் கலைந்தது.
திரும்பி வந்த நூல்களின் பெட்டிக்குள் ஒருநாள்
நாவல்களுக்கு நடுவே
ஒரு மெல்லிய புத்தகம், ஓரம் நைந்து:
கார் ஓட்டப் பழகுவோருக்கான கையேடு.
பதினாறு ஆனால்தான் இங்கே அந்த உரிமம்.

கடைசிப் பக்கத்தில், இடப்பக்கம் சாய்ந்து, பச்சை:

"நாயகன் இல்லை. காதல் இல்லை.
நடுவில் ரவுண்டபவுட் பகுதி கொஞ்சம் இழுவை.
ஆனால் முடிவில்
நீயே ஓட்டிப் போகலாம்."

மாநில அரசின் வெளியீடு. கிழித்து எடுக்கக் கூடாது.
எடுக்கவில்லை.
பதினோராவது அட்டை ஒன்றை வெட்டினேன்,
கையேட்டை நாவல் தட்டில் வைத்தேன்,
ஓநாய்க்கும் பஸ்ஸுக்கும் நடுவில்.

அட்டையில் ஒன்றும் எழுதவில்லை.
கிளெனிஸ் கேட்டால்
தவறி வந்துவிட்டது என்பேன்.