மூன்று பதினேழு

பள்ளிக்கூடம் கழித்துக் கட்டிய மடிக்கணினியில்
இரண்டு இரவு சொட்டுச் சொட்டாய் இறங்கியது வானம்.
விலை இல்லை. என் பெயர்கூட அதற்கு வேண்டாம்.
ஊர் மட்டும் கேட்டது.

ஹகோபாச்சி என்று அடித்தேன்.
பட்டியலில் இருந்தது!
தலைநகரில் பாதிப் பேருக்குத் தெரியாத ஊர்.

ஆனால் தரை தப்பு.
யாரோ ஓர் ஐரோப்பியன் வீட்டுப் பின்புறப் புல்வெளி,
நாலு மரம், ஈரம்.
இந்த மேட்டில் அத்தனை பச்சையை
டீசல் பீப்பாயின் மூடியில்தான் பார்த்திருக்கிறேன்.
ஒரு ஞாயிறு முழுக்கச் சுற்றிச் சுற்றிப் படம் எடுத்து
அந்தப் புல்லைச் சுருட்டி எறிந்துவிட்டு
என் தொடுவானத்தை விரித்தேன்:
ரயில்வே தண்ணீர்த்தொட்டி,
துருவேறிய கைகாட்டி,
காற்றுக்கு முதுகு காட்டியே வளர்ந்த ஒற்றைப் பாப்லர்.

பெட்ரோல் பங்கில் எனக்குப் பகல் ஷிப்ட்.
லாரி வராத நேரத்தில்
காற்றுமண்டலம் என்ற பொத்தானை அணைப்பேன்.
நடுப்பகலில் சூரியனுக்குப் பக்கத்திலேயே
கூச்சமில்லாமல் நட்சத்திரங்கள்.
நிலத்துக்கும் ஒரு பொத்தான் உண்டு.
அணைத்தால் காலுக்கடியிலும் வானம்.
லானூஸிலிருந்து வந்த லாரிக்காரன் எட்டிப் பார்த்தான்.
"என்னது, சூதாட்டமா?"
இருக்கலாம்.

ஜூலை பதினொன்று, அதிகாலை மூன்று பதினேழு.
பெயரில்லாத, எண் மட்டும் உள்ள ஒரு கல்
தேளின் கொடுக்குக்குப் பக்கத்தில்
ஒரு மங்கல் நட்சத்திரத்தை மறைக்கப்போகிறது.
நாற்பது கிலோமீட்டர் அகலத்தில் அதன் நிழல்
எங்கள் மேட்டைக் கடந்து ஓடும்.
கால்நடை மருத்துவர் பிரிச்சர்டு தெற்கே,
யாரோ ஒருவரின் ஆட்டுப்பட்டியில்.
நான் இங்கே.

நேரத்தை உருட்டிப் பார்த்தேன்.
மூன்று பதினேழுக்கு நட்சத்திரம்
கச்சிதமாகத் தண்ணீர்த்தொட்டிக்குப் பின்னால்.
கல்லுக்கு முன்னால் தொட்டி மறைத்துவிடும்.
ஆக, தண்டவாளம் தாண்டி அறுபது எட்டு.
அங்கே நின்று எடுத்த படத்தை விரித்தேன்.
தெரிந்தது.

குளிர் அதில் இல்லை.
காற்றைப் பற்றி அது மூச்சு விடவில்லை.
மைனஸ் ஒன்பது.
முக்காலி ஆடாமலிருக்க
அடியில் ஒரு மூட்டை உருளைக்கிழங்கைக் கட்டித் தொங்கவிட்டேன்.
காதில் கைபேசி நொடி எண்ணியது.
இமைக்காதே, எர்மெலிந்தா.

பதினாறு ஐம்பது.
பதினேழு.
நட்சத்திரம் இருந்தது.
பதினேழு பத்து. இருந்தது.
கண்ணீர் இமையில் உறைந்தது,
அதற்குள்ளிருந்தும் இருந்தது.
பதினெட்டுக்கும்,
இருபதுக்கும்,
பிடிவாதமாய்.

வண்டிக்குள் வந்து திரையில் அதே நொடிக்கு ஓட்டினேன்.
எண்ணிட்ட புள்ளி சொன்னபடி
அதன்மேல் ஏறி, இறங்கியது.
மறுபடி ஓட்டினேன்.
மறுபடி ஏறி இறங்கியது.
கோபம் யார் மேல் என்று தெரியவில்லை.
மூடியைப் படாரென்று சாத்தினேன்,
பிறகு விரிசல் விட்டதா என்று தடவிப் பார்த்தேன்.

பிரிச்சர்டு அழைத்தார்.
"இரண்டு புள்ளி நான்கு நொடி!"
பற்கள் அடித்துக்கொள்ளும் சத்தம்.
"உனக்கு?"
"இல்லை."
"எவ்வளவு நேரம் இல்லை?"
"முழுக்க இல்லை."
கொஞ்ச நேரம் அவர் பக்கத்துக் காற்று மட்டும் பேசியது.
"அப்படியானால் கல் உன்வரை வரவில்லை.
உனக்கும் எனக்கும் நடுவில்தான் எங்கோ
அதன் ஓரம்."

அது எனக்குப் புரிந்தது.
சந்தோஷப்பட ஒரு வாரம் ஆனது.
படிவத்தில் அட்சரேகை, தீர்க்கரேகை,
கடைசிக் கட்டத்தில்: மறையவில்லை.
இல்லை என்று சொல்ல இருபது நிமிடம் உறைந்தவள்
கையெழுத்தை ஒழுங்காகவே போட்டேன்.

பத்து மணிக்கு வெளிச்சம் வந்தபோது
முதல் லாரி. லானூஸ்காரன்.
"ஜெயித்தாயா?"
மீட்டர் ஓடிக்கொண்டிருந்தது.
குழாயைப் பிடிக்காத கையால் காட்டினேன்:
பங்கின் கழிப்பறைச் சுவருக்குப் பின்னால்,
தெற்கே,
தரைக்குச் சற்றுக் கீழே.
அவன் சுவரைப் பார்த்தான்.
சாவி கேட்டான்.