இதே மாதிரி இன்னொன்று

பாபு ராவ் தெருவில் எங்கள் கடைக்கு வருகிறவர்கள்
சார்ஜர் கேட்பார்கள், சிம் கேட்பார்கள்,
லாட்ஜ் அறையில் சோறு வடிக்க
வாடகைப் பாத்திரம் எங்கே என்று கேட்பார்கள்.
கடைசியில் போனை நீட்டி, கொஞ்சம் வெட்கத்தோடு,
"இதே மாதிரி இன்னொரு கேம் இருக்கா?"

இதே மாதிரி என்றால் எது மாதிரி?

ஆரம்பத்தில் எனக்கும் தெரியாது.
கட்டத்துக்குக் கட்டம், குழாய்க்குக் குழாய்,
பார்க்க ஒன்றுபோல் இருப்பதை ஏற்றிக் கொடுப்பேன்.
இரண்டே நாளில் திரும்பி வருவார்கள்
அளவு சரியாயிருந்தும் கடிக்கிற செருப்பைப்போல்
போனைப் பிடித்துக்கொண்டு.

செருப்பு என்றதும் கஜலட்சுமி.
பேரணாம்பட்டில் ஷூவின் மேல்தோல் தைக்கிறவள்.
மணிக்கு எத்தனை ஜோடி என்று
தலைக்குமேல் பலகையில் சிவப்பு எண் எரியுமாம்.
அம்மாவை மாதம் ஒருமுறை செக்கப்புக்குக் கூட்டி வருவாள்,
வரிசையில் உட்கார்ந்து
வண்ணத் தண்ணீரைக் குப்பிவாரியாகப் பிரித்து ஊற்றுவாள்.
நான் ஏற்றிக் கொடுத்ததிலும் அதே குப்பி, அதே வண்ணம்,
மூலையில் மட்டும் நொடி ஓடியது.
"இதுலயும் டார்கெட்டா கீதுண்ணா?" என்றாள்.
வேறொன்றும் சொல்லவில்லை.

அதற்குப் பிறகு நான் கேமைப் பற்றி விசாரிப்பதில்லை.
எப்போ விளையாடுவீங்க,
ஜெயிச்ச கையோட அடுத்ததுக்குப் போவீங்களா
இல்ல ஜெயிச்சதையே பார்த்துக்கிட்டு இருப்பீங்களா,
தோத்தா யார்மேல கோபம் வரும்?
சிரிப்பார்கள். ஆனால் பதில் சொல்வார்கள்.

லாட்ஜில் இரவு டியூட்டி பார்க்கும் தேவசகாயத்துக்கு
ஜெயிக்கவே வேண்டாம்.
துண்டு பொருந்தும்போது 'டக்' என்று ஒரு சத்தம்,
அது போதும் அவருக்கு.

காட்பாடிப் பக்கம் படிக்கிற இம்தியாஸுக்கு
மாட்டிக்கொண்டு நிற்க வேண்டும்.
தவறி ஒருநாள் குறிப்பைத் தொட்டுவிட்டு
அந்த கேமையே அழித்தான்.
விதி என்னவென்றே சொல்லாத ஒன்றைக் கொடுத்தேன்.
மூன்று வாரம் ஆளைக் காணோம்.
வந்தபோது கண்ணுக்குக் கீழே கறுப்பு,
இரண்டு பேப்பர் அரியர்,
முகத்தில் கல்யாண வீட்டுக் களை.

நிர்மால்ய மண்டல் அசன்சோல்காரர்.
மனைவி வார்டில், ஒன்பதாவது வாரம்.
என் பெங்காலியும் நொண்டும், அவர் இந்தியும் நொண்டும்.
குழாய்களைத் திருப்பித் திருப்பி
தண்ணீரைத் தொட்டிக்குக் கொண்டுபோகும் கேம்,
நானூறு கட்டமும் முடித்துவிட்டார்.
பெரிய குழாய் கொடுத்தேன். வேண்டாம்.
ஒயர் இணைப்பது, ரயில் பாதை இணைப்பது.
வேண்டாம், வேண்டாம்.
என் கேள்விகளைக் கேட்டேன்.
எதிரே மீன் கடையில் எண்ணெய் பொரிவதையே
பார்த்துக்கொண்டிருந்தவர் சொன்னார்:
தப்பாக வைத்தால் தண்ணீர் நின்றுவிடும்.
எங்கே நின்றதென்று தெரியும்.

அன்று இரவு ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டுத் தேடினேன்.
எத்தனை எத்தனை கேம்கள்
'தோல்வி, மீண்டும் முயல்க' என்பதோடு சரி.
எந்த இடத்தில் என்று
ஒன்றும் வாய் திறப்பதில்லை.
பதினொரு மணிக்கு ஒன்று கிடைத்தது.
கண்ணாடிகளைத் திருப்பி வெளிச்சத்தை விளக்குக்குக் கொண்டுபோவது.
தவறினால், தவறிய இடத்திலேயே வெளிச்சம் நிற்கும்.

வீட்டுக்குப் போகப் பாலாற்றுப் பாலம் ஏறினேன்.
கீழே மணல், முள்செடி, லாரி போன தடம்.
வண்டியை நிறுத்தவில்லை.

மறுநாள் ஏற்றிக் கொடுத்தேன், காசு வாங்கவில்லை.
அடுத்த திங்கள் அறை காலி என்று
தேவசகாயம் சொன்னார். எப்படிக் காலி என்று
அவரும் சொல்லவில்லை.

நேற்று வாட்ஸப்பில் ஒரு படம்.
முப்பத்தியோராவது கட்டம்.
வெளிச்சம் ஒரு கண்ணாடியின் முதுகில் மோதி நிற்கிறது.
எழுத்து ஒன்றும் இல்லை.
மனைவி எப்படி இருக்கிறார் என்று தட்டினேன்,
அழித்தேன்.

நான் விளையாடுகிற ஆள் இல்லை.
ஆனாலும் என் போனில் ஏற்றிக்கொண்டேன்.
இப்போது ஏழாவதில் இருக்கிறேன்.