ஆயிரத்துக்கு நாப்பது கட்டு

பத்தாம் வகுப்பில் தேர்ச்சி நாற்பத்தொன்று.
வேலூரில் நின்றுகொண்டே திட்டு வாங்கிவந்த
தலைமையாசிரியை பரிமளகாந்தி
எங்களைத் திட்டவில்லை.
பெற்றோர் கூட்டத்தை மாலைக்கு மாற்றினார்,
பேரணாம்பட்டுத் தோல் ஷாப்புகளில்
ஷிப்ட் விட்டபிறகு.

சுண்ணாம்பு வாடையோடு வந்தார்கள்.
யாரும் வாய் திறக்கவில்லை.
நான்தான் எழுந்தேன்:
"பின்னம் எனக்கு
சொல்லித்தர வரலை."
பத்தொன்பது வருஷ சர்வீசில்
முதல் தடவை.

சிரிப்பார்கள் என்றிருந்தேன்.
பீடி சுற்றும் ஷாஹிதா சொன்னாள்:
"ஆயிரத்துக்கு நாப்பது கட்டு சார்.
அதுல பாதி, கால், அரைக்கால்
என் பொண்ணு தூக்கத்துல சொல்லுவா.
உங்க போர்டுலதான் முழிக்கிறா."

சாக்பீஸை நீட்டினார் பரிமளகாந்தி.
எனக்கல்ல.

இந்த வருஷம் ஐம்பத்தெட்டு.
சயின்ஸ் சார் மாற்றல் வாங்கிப் போய்விட்டார்.
செவ்வாய்க்கிழமைகளில்
நாற்காலி போதவில்லை;
தலைமையாசிரியை
கடைசி பெஞ்சு நுனியில்,
நோட்டும் பேனாவுமாய்.